தோன்றா எழுவாய்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் ஒழுங்கற்ற வினைகளுக்கே பெரிதும் அஞ்சுவர். ஸ்பானிய மொழி பயிலும் மாணவனும் இதற்கு விலக்கல்லன். 'இரு', 'போ' எனப் பொருள்படும் இரு வேறு வினைகள் இறந்தகாலத்தில் தம் பகுதியை முற்றாக இழந்து ஒரே வடிவம் பெற்றுவிடுவதைக் கண்டு அவன் மலைக்கின்றான். அத்தகைய வினைகளை மனனஞ் செய்வதிலேயே தன் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகின்றான். ஒழுங்கான வினைகளுக்கோ பாடநூலில் ஒரு பக்கமே ஒதுக்கப்பட்டிருக்கும். ஆறு வடிவங்களைக் கொண்ட சிறியதோர் அட்டவணை, அதன் கீழே கீறிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சி, அத்துடன் காரியம் முடிந்தது. ஆயின் சிந்திப்பதற்குரியவை மிகுதியாகக் கிடப்பது இந்த அட்டவணையிலேதான். ஒழுங்கற்ற வினை நினைவாற்றலைச் சோதிக்கின்றது. ஒழுங்கான வினையோ, வடிவத்திலே சிக்கல் எதுவும் இல்லாமையால், அதனை எப்போது சொல்வது, எவரைப் பற்றிச் சொல்வது என்னும் வினாக்களை நேராகவே முன்வைத்துவிடுகின்றது.

பாடநூலாசிரியர்கள் வழமையாகப் 'பேசு' எனப் பொருள்படும் 'அப்லார்' என்னும் வினையையே எடுத்துக்காட்டாகக் கொள்வர். அதனினும் 'யெவார்' என்னும் வினை நோக்கத்தக்கது. 'கொண்டுபோ' என்பது அதன் பொருள். ஸ்பானியத்தில் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ஆயின் எந்த அசை அழுத்தம் பெறுகின்றது என்பது பொருளையே மாற்றிவிடும். ஆகவே அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் ஏனையவற்றைக் குறிலாகவும் எழுதிக்காட்டுவது தமிழெழுத்துக்கு எளிதாகும். அவ்வாறு எழுதின், தன்மை ஒருமையில் 'யெவே', முன்னிலை ஒருமையில் 'யெவாஸ்தெ', படர்க்கை ஒருமையில் 'யெவோ' என இவ்வினை இறந்தகாலத்தில் திரிபடையும். பன்மையில் அவை முறையே 'யெவாமொஸ்', 'யெவாஸ்தெயிஸ்', 'யெவாரொன்' என வரும். கொண்டுபோனேன், கொண்டுபோனாய் எனத் தமிழிற் சொல்லுமிடத்து 'நான்', 'நீ' என்பன வேண்டப்படாதவாறே ஸ்பானியத்திலும் வினைமுற்றே இடத்தையும் எண்ணையும் காட்டிவிடுகின்றது. ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியத்துக்குள் நுழைபவன் வாக்கியந்தோறும் ஒரு பெயரைத் தேவையின்றி முன்னால் நிறுத்திவிடுவான். தமிழன் அந்தத் தவற்றைச் செய்யவேண்டியதில்லை. அவனுக்கு வேறு இடர்ப்பாடுகள் உண்டு.

அவற்றுள் முதலாவது, மேலே குறித்த அழுத்தமே. 'யேவொ' என்றால் 'கொண்டுபோகிறேன்'. 'யெவோ' என்றால் 'கொண்டுபோனான்'. எழுத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஈற்றுயிரின் தலைமேல் இடப்படும் ஒரு சிறு கீறு மாத்திரமே. அதனை விட்டுவிடின், தன்மை படர்க்கையாகவும் நிகழ்காலம் இறந்தகாலமாகவும் ஒருங்கே மயங்கும். ஒரு கீறில் இவ்வளவு பாரத்தை ஏற்றிய மொழிகள் அதிகம் இரா. 'யெவாமொஸ்' என்பதற்கோ அந்தக் கீறும் இல்லை. அது 'கொண்டுபோகிறோம்' எனவும் 'கொண்டுபோனோம்' எனவும் இருபொருள்படும். எது என்பதைச் சூழலே தீர்க்கவேண்டும்.

ஒலிப்பைப் பற்றியும் ஒன்று சொல்லற்பாலது. இவ்வினையின் முதலெழுத்து பெரும்பாலான நாடுகளில் யகரம் போல ஒலிக்க, ஆர்ஜென்ரீனாவின் தலைநகரமான புவனோஸ் அயர்சில் அது ஷகரமாகவே ஒலிக்கும். அந்நகரத்து வீதியில் 'யெவாரொன்' என்பது 'ஷெவாரொன்' என்றே காதில் விழும்.

இன்று ஒழுங்கான வினைக்கு எடுத்துக்காட்டாக நிற்கும் இச்சொல், பண்டு அத்துணை ஒழுங்குடையதாக இருக்கவில்லை. இலத்தீனில் 'உயர்த்து', 'பாரத்தைக் குறை' எனப் பொருள்பட்ட 'லெவாரே' என்பதே இதன் மூலம். இடைக்காலக் காஸ்திலியத்தில் அது 'லெவார்' என வழங்கிற்று. அழுத்தம் பகுதியின்மீது விழுந்த வடிவங்களில் எகரம் பிளந்து 'லியேவ' என்றாயிற்று. ஏனைய வடிவங்களில் 'லெவாமொஸ்' என்றே நின்றது. ஒரே வினைக்கு இவ்வாறு இரு பகுதிகள் இருந்தன. பின்னர் 'லிய' என்பது குழைந்து ஓரெழுத்தொலியாகி, அவ்வொலி எல்லா வடிவங்களுக்கும் பரவியது. ஒழுங்கு என்பது இங்கே மூலத்திலே இருந்த பண்பன்று. பேசுவோரின் நாவு பல தலைமுறைகளாகத் தேய்த்துச் சமப்படுத்தியதன் விளைவாகும். விகுதிகளும் அப்படியே. 'லெவாவீ' என்ற இலத்தீன் தன்மை வினை இடையிலுள்ள வகரத்தை இழந்து 'லெவே' ஆயிற்று. படர்க்கையின் 'லெவாவித்' சுருங்கி 'லெவோ' ஆயிற்று. முன்னிலை ஒருமை ஏனைய காலங்களில் எல்லாம் சகர ஒலியில் முடிய, இவ்விறந்தகாலத்தில் மட்டும் அவ்வீறு இல்லை. இக்குறையைப் பொறுக்காத பொதுமக்கள் பேச்சில் 'யெவாஸ்தெஸ்' என ஒரு சகரத்தைச் சேர்த்துக்கொள்கின்றனர். ஆசிரியர்கள் அதனைத் திருத்திக் களைத்துப் போகின்றனர். ஒழுங்கை வேண்டுவது இலக்கணகாரன் மாத்திரமன்று என்பதற்கு இது போதிய சான்று.

நன்னூல் பயின்றவனுக்கு இவ்வடிவங்களைப் பகுத்துநோக்கும் ஆவல் எழுதல் இயல்பே. கொண்டுபோனோம் என்பதிற் போலப் பகுதி, இடைநிலை, விகுதி என 'யெவோ' என்பதைப் பிரிக்க முயன்றால் அது இணங்காது. காலமும் இடமும் எண்ணும் அங்கே ஓர் உயிரெழுத்துக்குள் உருகிக் கலந்து கிடக்கின்றன. ஆயின் ஸ்பானியத்தில் இன்னோர் இறந்தகாலமும் உண்டு. 'யெவாப', 'யெவாபஸ்', 'யெவாப', 'யெவாபமொஸ்', 'யெவாபயிஸ்', 'யெவாபன்' என அது வரும்; பகரத்தைத் தமிழில் இடைப்பகரம் போல மெலித்தே ஒலித்தல் வேண்டும். 'யெவாபமொஸ்' என்பதில் 'யெவ்' பகுதி. ஆகாரம் இவ்வினை எந்த வகுப்பினது எனக் காட்டும் உயிர். 'ப' கால இடைநிலை. 'மொஸ்' தன்மைப் பன்மை விகுதி. எந்தத் தமிழாசிரியரும் கரும்பலகையில் மகிழ்ச்சியோடு பிரித்தெழுதக்கூடிய சொல் இது. இக்காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் ஸ்பானியம் முழுவதிலும் மூன்றேதான் என்பதும் மாணவனுக்கு ஆறுதல் தருவதாகும்.

இவ்விரண்டு இறந்தகாலங்களுக்கும் இடையிலான தெரிவே கற்போனை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பது. முதலாவதை முற்றிய இறந்தகாலம் எனவும் இரண்டாவதை முற்றா இறந்தகாலம் எனவும் அழைக்கலாம். 'குவாந்தொ என்த்ரே, மி மாத்ரெ கொசினாப' என்றால், நான் உள்ளே நுழைந்தபோது அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள் என்பது பொருள். ஈற்றுச் சொல்லை 'கொசினோ' என மாற்றிவிடின், நுழைந்ததன் மேல் அவள் சமைத்தாள், சமைத்து முடித்தாள் என்றாகிவிடும். அடுப்பு ஒன்றே, தாய் ஒருத்தியே. ஆயினும் ஒரு வாக்கியத்தில் செயலுக்குள்ளே நின்று பார்க்கின்றான், மற்றதில் செயலுக்கு வெளியே நின்று அதன் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே காண்கின்றான். 'கொனொசீய' என முற்றா இறந்தகாலத்திற் சொன்னால், ஒருவரை ஏற்கெனவே அறிந்திருந்தமை புலப்படும்; 'கொனொசீ' என முற்றிய இறந்தகாலத்திற் சொன்னால், அவரோடு முதன்முதல் அறிமுகமான கணமே புலப்படும். தமிழ் அகராதி இதற்கு இரண்டு வினைகளைத் தேடவேண்டியிருக்கும்.

தமிழில் இவ்வேறுபாட்டைச் சொல்ல இயலாதென்பதன்று. 'கொண்டிரு', 'விடு' முதலிய துணைவினைகள் இதற்காகவே இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சேர்ப்பதும் சேர்க்காமல் விடுவதும் பேசுவோனின் விருப்பம். மொழிகள் எதனைச் சொல்ல இடந்தருகின்றன என்பதிலன்றி, எதனைச் சொல்லியே தீரவேண்டுமென வற்புறுத்துகின்றன என்பதிலேயே தம்முள் வேறுபடுகின்றன என்று உரோமன் யாக்கொப்சன் 1959 இல் எழுதிய கட்டுரையிற் கூறியிருப்பது இவ்விடத்து மனங்கொளத்தக்கது. ஸ்பானியன் கடந்ததொன்றைப் பற்றி வாய்திறக்கும்போதெல்லாம், அது முடிந்ததாகக் காட்டுவதா, முடிவைச் சொல்லாது விடுவதா எனத் தீர்மானித்தே ஆகவேண்டும்.

நெடுநாள் நடந்ததற்கு முற்றா இறந்தகாலம், குறுகிய பொழுதில் நடந்ததற்கு முற்றிய இறந்தகாலம் எனச் சில கையேடுகள் எளிமைப்படுத்திக் கூறும். இது பிழையான விதி. அந்திரேஸ் பெயோ பத்தொன்பது ஆண்டுகள் இலண்டனில் வாழ்ந்தார் என்பதை 'விவியோ' என முற்றிய இறந்தகாலத்திலேயே சொல்லவேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாயினும் அவை எண்ணி முடிக்கப்பட்டுவிட்டன. அவர் இலண்டனில் வாழ்ந்த காலத்தில் இன்னது நிகழ்ந்தது என்று கூறவரும்போதுதான் 'விவீய' என்பது பொருந்தும்.

பெயோவின் பெயர் இங்கே எடுத்துக்காட்டுக்காக மாத்திரம் வந்ததன்று. 1781 இல் கராக்காசில் பிறந்து, 1810 இல் சீமோன் பொலிவாரோடு தூதுக்குழுவில் இலண்டனுக்குச் சென்று, 1829 இல் சிலிக்கு வந்து சேர்ந்து, அங்கே 1843 இல் சிலிப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தலைவராகிய இவ்வறிஞரே ஸ்பானிய வினையின் காலங்களை முதன்முதலில் தெளிவுற வகுத்தவர் எனலாம். 1841 இல் வால்பராய்சோவில் வெளியான அவரது ஆய்வு, இலத்தீன் இலக்கணத்தின் பெயர்களை அப்படியே ஸ்பானியத்தின்மேற் போர்த்தும் வழக்கத்தைக் கைவிட்டது. முற்றா இறந்தகாலத்தை அவர் 'உடன் இறந்தகாலம்' என்றார். கடந்துபோன வேறொன்றோடு உடனிகழ்ந்தது என்பதே அதன் கருத்து. முடிந்ததா முடியவில்லையா எனப் பார்ப்பதை விட்டு, எதனோடு சேர்த்துப் பார்க்கப்படுகின்றது என்று அவர் கேட்டார். மெக்சிக்கோவின் பாடசாலைகள் இன்றும் அவர் இட்ட பெயரையே வழங்குகின்றன. 1847 இல் வெளிவந்த அவரது பேரிலக்கணம் அமெரிக்கர்களின் பயன்பாட்டுக்கெனத் தலைப்பிலேயே கூறிக்கொண்டது. புதிதாக விடுதலைபெற்ற நாடுகளின் மக்கள் பேசுவதும் இலக்கணத்துக்கு உரிய மொழியே என்ற துணிவு அத்தலைப்பில் உண்டு.

அவ்வமெரிக்க நாடுகளில் மேற்கூறிய அட்டவணையின் ஐந்தாம் வடிவம் வழக்கிலில்லை. முன்னிலைப் பன்மைக்குரிய 'யெவாஸ்தெயிஸ்' ஸ்பெயின் நாட்டோடு நின்றுவிட்டது. மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்ரீனா வரை 'நீங்கள் கொண்டுபோனீர்கள்' என்பதற்கும் 'அவர்கள் கொண்டுபோனார்கள்' என்பதற்கும் 'யெவாரொன்' என்ற ஆறாம் வடிவமே வழங்குகின்றது. ஆறாம் வடிவத்துக்கு இன்னுமொரு பணியும் உண்டு. செய்தவர் யாரெனத் தெரியாதபோதும், தெரிந்தும் சொல்ல விரும்பாதபோதும் எழுவாயின்றி இவ்வடிவமே ஆளப்படும். கதவைத் தட்டுபவன் ஒருவனேயாயினும் 'தட்டுகிறார்கள்' என்றே ஸ்பானியன் கூறுவான். ஆகவே 'யெவாரொன்' என்ற ஒரு சொல்லைத் தனியே கேட்கும்போது அது முன்னிலையா, படர்க்கையா, எவரென்று அறியப்படாத சிலரா என்பதை வடிவத்தைக் கொண்டு கூறவியலாது. பாடசாலை இலக்கணங்கள், வெளிப்படையாக நில்லாது வினையாலே உணரப்படும் எழுவாயைத் 'தோன்றா எழுவாய்' என்னும். ஆர்ஜென்ரீனாவின் வகுப்பறைகளிலும் 'சொல்லப்படாத எழுவாய்' என அதற்கொரு பெயருண்டு. எழுவாய் தோன்றாதது என்பது வேறு, அறியப்படாதது என்பது வேறு என்று இலக்கண ஆசிரியர் விளக்குவார். இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது நிலை ஒன்றும் இருக்கக்கூடும் என்பதை ஆர்ஜென்ரீனா மக்கள் வகுப்பறைக்கு வெளியே கற்றுக்கொண்டனர்.

1976 மார்ச் 24 ஆந் திகதி அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1983 டிசெம்பர் வரை நீடித்த அவ்வாட்சியில், சாதாரண உடையணிந்த ஆயுதந்தாங்கியோர் இரவிலும் பகலிலும் வீடுகளுள் நுழைந்து ஆட்களைப் பிடித்து, இலக்கத் தகடில்லாத ஊர்திகளில் ஏற்றிச் சென்றனர். பொலிஸ் நிலையங்களிலும் படைமுகாம்களிலும் சென்று விசாரித்த உறவினருக்கு அத்தகைய கைது எதுவும் பதிவாகவில்லை என்றே விடை கிடைத்தது. அயலவரிடம் கேட்டால், தணிந்த குரலில் 'யெவாரொன்' என்பார்கள். கொண்டுபோய்விட்டார்கள். எவர் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆயினும் எழுவாய் வாய்க்கு வராது. அச்சம் ஓர் இலக்கண அமைப்பைத் தனக்கு ஏற்றவாறு பயன்படுத்திக்கொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'பிடிச்சுக்கொண்டு போட்டினம்' என்பதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அங்கும் வினைமுற்று முழுமையானது. 'இனம்' என்ற விகுதிக்கு உரியவர்கள்தாம் தோன்றுவதில்லை.

ஆட்சியாளர் வேறொரு சொல்லை விரும்பினர். 1979 டிசெம்பரில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பொன்றில் இராணுவத் தலைவரான ஹோர்ஹே ரஃபாயெல் விதேலாவிடம் இது பற்றிக் கேட்கப்பட்டது. காணாமற்போனவர் ஒரு புதிர் என்றும், அவருக்கு உருவமில்லை, உயிரோடும் இல்லை, இறக்கவும் இல்லை, அவர் காணாமற்போன நிலையில் இருக்கிறார் என்றும் அவர் விடையிறுத்தார். அவ்விடையின் இலக்கணத்தை நோக்குக. அதிலே இறந்தகால வினைமுற்றே கிடையாது. 'இருக்கிறார்' என்னும் நிகழ்காலமும் ஒரு பெயரெச்சப் போக்கிலான சொல்லும் மட்டுமே உண்டு. நிலை உண்டு, அந்நிலையை உண்டாக்கிய செயல் இல்லை. செயல் இல்லையாகவே செய்தவனும் இல்லை.

அதற்கு எதிரான வாக்கியம் ஏற்கெனவே சதுக்கத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. 1977 ஏப்பிரல் 30 ஆந் திகதி பதினான்கு பெண்கள் அரசுத் தலைவரின் மாளிகைக்கு எதிரேயுள்ள மே சதுக்கத்திற் கூடினர். கூடி நிற்கக்கூடாதெனப் பொலிசார் கூறவே, இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினர். பின்னர் வியாழன்தோறும் நடந்தனர். அந்த முதல்நாள் நடையை 'கமினாரொன்' எனவும் வியாழன்தோறும் நிகழ்ந்ததை 'கமினாபன்' எனவும் ஸ்பானியம் வேறுபடுத்திச் சொல்லும். இத்தாய்மாரின் முன்னோடியான அசுசேனா வியஃப்லோர் அவ்வாண்டு டிசெம்பர் 10 ஆந் திகதி தாமே கொண்டுபோகப்பட்டார். கடற்கரையில் ஒதுங்கிப் பெயரறியாச் சடலமாகப் புதைக்கப்பட்டிருந்த அவரது எச்சங்களை ஆர்ஜென்ரீனத் தடய மானிடவியற் குழுவினர் 2005 இலேயே இனங்கண்டனர்.

'கொன் வீத லோஸ் யெவாரொன், கொன் வீத லோஸ் கெரேமொஸ்' என்பது அக்காலம் முதல் எழுந்த முழக்கம். உயிரோடு கொண்டுபோனார்கள், உயிரோடு வேண்டுகிறோம் என்பது அதன் பொருள். மெக்சிக்கோவிலும் சிறு வேறுபாட்டுடன் இது வழங்குகின்றது. 2014 செப்ரெம்பரில் அயோத்சினாப்பா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர் நாற்பத்து மூவர் காணாமல் ஆக்கப்பட்டபின் நாடெங்கும் ஒலித்தது. இதன் முதலாவது வினை முற்றிய இறந்தகாலம். புதிர் என்று சொல்லப்பட்டதை அது ஐயத்துக்கிடமின்றி நடந்து முடிந்த ஒரு செயலாக்கிவிடுகின்றது. அயலவர் தணிந்த குரலிற் சொன்ன அதே சொல்லைச் சதுக்கத்தில் மாளிகையை நோக்கி உரத்துச் சொல்லும்போது, ஆறாம் வடிவத்தின் மற்றைய பொருளும் விழித்துக்கொள்கின்றது. அமெரிக்க ஸ்பானியத்தில் அது 'கொண்டுபோனீர்கள்' என்றும் பொருள்படுமன்றோ? முழக்கத்தை இயற்றியோர் இதனை எண்ணி அமைத்தனரோ இல்லையோ, மாளிகையின் மேன்மாடத்தில் நிற்பவன் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும்.

'மறைந்துபோ' எனப் பொருள்படும் வினையும் இக்காலத்தில் மாற்றமடைந்தது. அது இயல்பாகச் செயப்படுபொருள் குன்றிய வினை. நிலவு மறையும், பொருள் காணாமற்போகும். 'தெசப்பரெசியோ' என்றால் அவன் தானாகவே மறைந்தான் என்பதுபோலத் தொனிக்கும். இந்தத் தொனியை ஏற்காதவர்கள் அவ்வினைக்குச் செயப்படுபொருள் ஒன்றைச் சேர்த்து, 'லொ தெசப்பரெசியேரொன்', அதாவது 'அவனை மறைத்துவிட்டார்கள்' என்று கூறலாயினர். பழைய இலக்கணத்தின்படி இது பிழை. எனினும் அமெரிக்க ஸ்பானியத்தில் இப்போது நன்கு வேரூன்றிவிட்டது. இதனையொத்த திருத்தம் ஈழத்துத் தமிழிலும் நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. 2016 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி அமைந்த அலுவலகத்தின் பெயரிலே 'காணாமற்போன' என்பதே உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த உறவினரின் பதாகைகளிலோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே எழுதப்பட்டிருந்தது. 'போ' என்பதை 'ஆக்கு' எனப் பிறவினையாக்கியதன்மூலம், பெயர் சொல்லாமலே ஒரு வினைமுதலை வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எந்த மொழிக் கழகமும் இவ்விரு திருத்தங்களையும் கட்டளையிட்டுச் செய்யவில்லை.

எழுவாயை நிரப்பும் வேலை பின்னர் நீதிமன்றத்துக்கு வந்தது. நாவலாசிரியர் ஏர்னெஸ்தோ சாபத்தோவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, காணாமலாக்கப்பட்டோர் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரின் விவரங்களைத் திரட்டி 1984 இல் அறிக்கை வெளியிட்டது. மனித உரிமை இயக்கங்கள் முப்பதினாயிரம் என்கின்றன. 1985 ஏப்பிரல் முதல் டிசெம்பர் வரை படைத்தலைவர் ஒன்பதின்மர்மீது வழக்கு நடைபெற்றது. சாட்சிகள் நூற்றுக்கணக்கில் வந்து 'யெவாரொன்' என்றனர். சாட்சிக்கு அது போதும், நீதிபதிக்குப் போதாது. எவர், எந்நாள், எவ்விடத்துக்கு என அவர் வினவியாகவேண்டும். ஆறாம் வடிவத்தில் வந்த சாட்சியத்தை, பெயரோடு கூடிய மூன்றாம் வடிவமாக மாற்றுவதே விசாரணையின் சாரம். விதேலாவுக்கும் கடற்படைத் தலைவர் மசேராவுக்கும் ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. நால்வர் விடுதலையாயினர். 1990 இல் தண்டனை பெற்றோருக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது. ஆண்டுகள் பல கழிந்தபின் வழக்குகள் மீண்டுந் தொடங்க, விதேலா 2013 இல் சிறையிலேயே இறந்தார். இங்கே ஆளப்பட்ட வினைகள் அனைத்தும் முற்றிய இறந்தகாலத்துக்கு உரியவை.

நீதிமன்றத்தின் மொழி அவ்வாறிருக்க, வீட்டின் மொழி வேறு. திரும்பிவராத மகனைப் பற்றித் தாய் ஒருத்தி பேசும்போது எந்தக் காலத்தைப் பயன்படுத்துவாள்? அவன் கொண்டுபோகப்பட்டதற்கு முற்றிய இறந்தகாலம் உண்டு. அவனைப் பற்றிய ஏனையவற்றுக்கு அது ஒவ்வாது. அவன் பாடினான் எனக் 'காந்தோ' என்று கூறின், பாட்டு முடிந்துவிட்டது. 'காந்த', அதாவது 'பாடுகிறான்' எனின், அறிந்திலாத ஒன்றை அறிந்ததாகக் கூறவேண்டிவரும். முற்றா இறந்தகாலத்தில் 'காந்தாப' என்று சொன்னால், அக்காலத்தில் அவன் பாடுவது வழக்கம் என்ற அளவிலே வாக்கியம் நின்றுவிடும். எப்போது நின்றது, நின்றதா என்பதை அவ்வடிவம் சொல்லாது. கேட்பவனும் இலக்கணப்படி அதனைக் கேட்டுப் பெறமுடியாது. பெயோ இட்ட பெயரைக் கொண்டு நோக்கினும், எதனோடோ உடனிருந்த பாட்டு அது.

அதே நிலையிலுள்ள தமிழ்த்தாய் ஒருத்தி இவ்விடத்திற் சொல்லக்கூடியது 'என்ரை பிள்ளை நல்லாப் பாடுவான்' என்பதே. பண்டை வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்காலத்துக்குரிய வினைமுற்றையே ஆள்கின்றது. 'அந்த நாளில் அப்பா விடியமுன் எழும்புவார்' என்பதில் எவருக்கும் மயக்கம் ஏற்படுவதில்லை. 'அந்த நாளில்' என்ற சொற்கள் காலத்தைக் கட்டிவிடுகின்றன. அச்சொற்கள் இல்லாதபோது, பாடுவான் என்பது முன்பு பாடியதையும், இப்போதும் பாட வல்லவன் என்பதையும், இனிப் பாடப்போவதையும் ஒருசேரக் குறிக்கும். அவ்வாக்கியத்தை ஸ்பானியத்தில் மொழிபெயர்க்க வருபவன் 'காந்தாப', 'காந்த', 'காந்தரா' என்ற மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். தெரிந்தெடுப்பதற்குமுன் அத்தாயிடமே சென்று கேட்கவும் வேண்டியிருக்கும்.